செல்வராசுவின் கண்கட்டைப் பிரித்த காலை

ஆண்டவரின் அன்புக்குரியவர்களே, உச்சி வெயில் நேரத்தில் ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "லைட்ட ஏன்டா அணைச்சீங்க?" என்று கேட்டான். அந்தக் குரல் இன்னும் என்னை விடவில்லை. ஆனாலும் நான் நன்றி சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு ஊர் வரதராஜன்பேட்டை. திருச்சியில் உலோகப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்தேன். உடையார்பாளையம் செல்வராசு என் அறைத்தோழன். ஒரு நாள் உச்சி வெயிலில், கல்லூரி வார்ப்புக் கூடத்தில் உருகிய இரும்பை மணல் அச்சில் ஊற்றினார்கள். அச்சில் ஈரம் இருந்திருக்கிறது. இரும்பு வெடித்துச் சிதறியது. நான் அவனுக்குப் பின்னால் நின்றேன். என் சட்டையில் பொத்தல் விழுந்தது. அவனுக்கு முகமெல்லாம் நெருப்பு. அப்போதுதான் என் கையைப் பிடித்து, லைட்டை ஏன் அணைத்தீர்கள் என்று கேட்டான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கண்களையும் கட்டிவிட்டார்கள். பார்வை வருமென்று நம்பியிருக்க வேண்டாம் என்றார் டாக்டர். செல்வராசுவின் அப்பா என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "எங்க சாமிகிட்ட சொல்லிட்டேன் தம்பி. உங்க சாமிகிட்டயும் சொல்லிவைங்க" என்றார்.

ஊருக்கு வந்தேன். அம்மா முந்திரிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார். கொட்டை வெடித்த சத்தத்தில் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணை மூடினாலும் அந்த மஞ்சள் வெளிச்சம். படிப்பே வேண்டாமென்று வீட்டில் சொல்லிவிட்டேன். கோயிலில் முழங்காலில் நின்றால் செபம் வரவில்லை. "செல்வராசு, ஆண்டவரே, செல்வராசு" என்று அவன் பேரைத்தான் சொல்ல முடிந்தது. தினமும் அதையே சொன்னேன்.

கட்டுப் பிரிக்கும் அன்று விடியும் முன்னே பஸ் ஏறினேன். வலது கண்ணைத் திறந்தார்கள். ஒன்றும் தெரியவில்லை என்றான். இடது கண்ணையும் திறந்தார்கள். இமையைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தான். அவன் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினான்.

"சட்டப் பொத்தான மாத்திப் போட்டிருக்கடா."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். அவன் அப்பா அங்கேயே வாய்விட்டு அழுதார்.

வலது கண் திரும்பவேயில்லை. ஏன் என்று ஆண்டவரிடம் கேட்டிருக்கிறேன். இன்றும் கேட்கிறேன். செல்வராசு கல்லூரிக்குத் திரும்பினான், என்னையும் இழுத்துக்கொண்டு போனான். வார்ப்புக் கூடத்து வாசலில் நான் திரும்பிப் போகப் பார்த்தபோது தோளைப் பிடித்து உள்ளே நடத்தியவன் அவன்தான். பிறகு உலோகத் துண்டுகளை மைக்ரோஸ்கோப்பில் ஆராயும் வேலையைப் பிடித்துக்கொண்டான். "இதுக்கு ஒத்தக் கண்ணு போதும்டா" என்பான்.

இப்போது எனக்கு ஒரு இரும்பு வார்ப்பு ஆலையில் வேலை. ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு அச்சையும் நானே தொட்டுப் பார்த்து, சிலுவை போட்டுக்கொள்கிறேன். பயம் போகவில்லை. பயத்தோடு நிற்பதற்கான பலத்தை ஆண்டவர் தந்திருக்கிறார். அதற்காகத்தான் இந்த நன்றி.

உங்களில் யாருக்காவது இருட்டாக இருந்தால், தைரியம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் நடுங்கிக்கொண்டுதான் அவரிடம் போனேன். நீங்களும் அப்படியே போங்கள்.