கத்தரித்த மஞ்சள் அட்டை

எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், காந்தத்துக்கு அடியில் ஒரு மஞ்சள் அட்டைத் துண்டு இருக்கிறது. விரல் நீளம்கூட இல்லை. அதில் பிரெஞ்சில் ‘நான்’ என்ற ஒரு சொல் மட்டும். முன்பு அது முழு வாக்கியமாக இருந்தது. வெட்டியவர் என் பிரெஞ்சு ஆசிரியை.

பிரெஞ்சு பேசும் இந்த நகரில், நாங்கள் குடியிருந்த லாசால் பகுதியில் பெரியவர்களுக்கான மாலை வகுப்பு அது. என்னைவிட வயதில் நன்றாகவே இளைய அவரை எல்லோரும் ‘மதாம்’ என்றுதான் கூப்பிட்டோம். பிரெஞ்சில் யாரிடம் பேச வேண்டியிருக்கிறது என்று முதல் நாளே ஒவ்வொருவரிடமும் கேட்டார். மகளின் பள்ளிக்கூடத்தில் என்றேன். பெற்றோர் சந்திப்புகளில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் என் எட்டு வயது மகள்தான். அவளுடைய வகுப்பாசிரியை முகத்தைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பேசுவார். மகள் என் பக்கம் திரும்பி, “நான் நல்லாப் படிக்கிறனாம், அம்மா” என்பாள். பிரெஞ்சு இவ்வளவு நீட்டி முழக்கும் மொழியா என்று வியந்திருக்கிறேன். இப்போது சிரிக்கிறேன். அன்று, என் பிள்ளையைப் பற்றி அறிய அவளையே நம்பியிருக்கிறோமே என்று உள்ளுக்குள் கூசிப்போய்த்தான் வீடு திரும்புவேன்.

‘நான் என் மகளின் படிப்பைப் பற்றி அறிய விரும்புகிறேன்’ என்று மதாம் மஞ்சள் அட்டையில் எழுதித் தந்தார். வாசித்து வாசித்துப் பழகினேன். அடுத்த கிழமை கத்தரிக்கோலோடு வந்து பாதியை வெட்டினார். மிச்சத்தை நானே சொல்ல வேண்டும். திணறினால் பக்கத்தில் வந்து நின்று, விடையைச் சொல்லாமல், யாருடைய படிப்பு என்று மட்டும் கேட்பார். பிறகு இன்னும் வெட்டினார். அடுத்த மேசையில் இருந்த திருகோணமலை அண்ணைக்குப் பொறுக்கவில்லை. “தாறதையும் தந்திட்டுப் பேந்து பறிக்கிறா. இதென்ன படிப்பிப்பு?” எனக்கும் அதே எரிச்சல்தான். கட்டடத்துக்குச் சாரம் கட்டி, பூச்சு காய்ந்ததும் கழற்றுகிற வேலை அது என்று அப்போது யாருக்குத் தெரியும்? சந்திப்பு நெருங்கியபோது, முழு அட்டையைத் திரும்பத் தாருங்கள் என்று அரைகுறைப் பிரெஞ்சில் கெஞ்சினேன். “இதை எந்த அட்டையைப் பார்த்துக் கேட்டீர்கள்?” என்றார் மதாம்.

சந்திப்புக்குத் தனியாகப் போனேன். “நானும் வாறன்” என்று மகள் அடம்பிடித்தபோதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ஒற்றைச் சொல் அட்டை கோட்டுப் பைக்குள் இருந்தது. வாக்கியத்தைச் சொன்னேன். வகுப்பாசிரியை நிதானமாகப் பேசினார். கெட்டிக்காரிதான், ஆனால் வாய் ஓயாது, வாசிப்பில் பின்தங்குகிறாள். ‘வீட்டில் நான் என்ன செய்யலாம்?’ என்று கேட்டேன். அந்தக் கேள்வி எந்த அட்டையிலும் இருந்ததில்லை. பிழையோடுதான் கேட்டிருப்பேன். ஆனால் அவர் பதில் சொன்னார், எனக்கு விளங்கியது. திரும்பும் வழியில் பேருந்தில் அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். வாய் இன்னும் ஓயவில்லை. நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் தமிழர்களோடேயே வேலை செய்து, பிரெஞ்சு இல்லாமலே காலம் தள்ளிய என் கணவர் மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். நேர்முகம் பிரெஞ்சில். நீளமாக ஒரு மஞ்சள் அட்டை எழுதிக் கொடுத்திருந்தேன். நேற்று நான் கத்தரிக்கோலை எடுத்ததும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“கொஞ்சம் பொறுமப்பா. இப்பதான் பாடமாக்கினனான்.”

வாங்கி, பாதியை வெட்டினேன். பரிதாபமாக என்னைப் பார்த்தார். பிறகு குளிர்சாதனப் பெட்டியில் இருந்த துண்டைப் பார்த்தார். கையிலிருந்த அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பிரெஞ்சில் ‘நான்’ என்று தொடங்கினார்.