கத்துகிற வீட்டில் ஒரு பிள்ளைக்காது

எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை, கத்துவோம். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா, ஏதோ சண்டை என்று பதறி ஒருநாள் எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்லக்கா, குழம்புக்கு உப்பு போதுமான்னு கேட்டேன்" என்றேன். மாமனார், கணவர், கொழுந்தன் மூன்று பேருமே தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கிறவர்கள். ஆழம் போகப் போகத் தண்ணீர் காதை அமுக்கும். வருஷக்கணக்காக அமுக்கினால் காது மந்தமாகாமல் என்ன செய்யும்? கல்யாணமாகி வந்த புதிதில் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை வலித்தது. பிறகு பழகிவிட்டது. இப்போது அம்மா வீட்டுக்குப் போனால், "ஏளா, மெல்லப் பேசேன், நாங்க என்ன செவிடா?" என்று என்னைத் திட்டுகிறார்கள்.

இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் என் மகள் வளர்ந்தாள். கத்திக் கூப்பிட்டால் ஓடி வருவாள். அதனால் அவள் காதைப் பற்றி யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஒன்றாம் வகுப்பு டீச்சர்தான் என்னைக் கூப்பிட்டுவிட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லையாம், பாட்டு பிடிபடவில்லையாம், சொல்வதெழுதச் சொன்னால் எதையோ எழுதுகிறாளாம். "பிள்ளைக்குப் புத்தி கொஞ்சம் மட்டு போலிருக்கு. வருஷ முடிவு வரைக்கும் பாப்போம். இல்லன்னா இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னு இருக்கிற பள்ளிக்கூடத்துல சேத்திருங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் மகளா மட்டு? கூடையில் கிடக்கிற மீனை ஒரு பார்வை பார்த்தே பேர் சொல்லுகிறவள்! "எம்பிள்ளையப் பத்தி இன்னொரு வாட்டி இப்படிச் சொல்லாதீங்க டீச்சர்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். வந்து, அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வாரமே எனக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. கத்தவே முடியவில்லை. நான் மெல்லச் சொன்னது காய்க்காரம்மாவுக்குக் கேட்டது, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்டது. மகள் மட்டும் திரும்பவே இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஐஸ் வாங்கித் தரட்டா?" என்றேன். அசையவில்லை. ஐஸ் என்றால் காய்ச்சலிலும் எழுந்து உட்காருகிற பிள்ளை அது. முன்னால் போய் நின்று அதையே சொன்னேன். என் வாயைப் பார்த்துவிட்டுக் குதித்தாள்.

கணவர் கடலிலிருந்து வந்ததும் முகத்துக்கு நேரே நின்று சைகையோடு சொன்னேன். அவர் சிரித்தார். "நம்ம வீட்டுக் காது அப்படித்தாம்ளா இருக்கும். எங்கப்பா காது, என் காது, இப்ப இவளுக்கு வந்திருக்கு." குரலில் ஒரு பெருமை வேறு! சங்கு குளிக்கிறவர்களுக்குக் காது மந்தம் என்பது பதக்கம் குத்திக்கொண்ட மாதிரி. கொழுந்தனும் சேர்ந்து தலையாட்டினார்.

"கடல்ல முங்காத பிள்ளைக்கு எப்படிங்க கடல்காது வரும்?" என்று கேட்டேன். தொண்டை கட்டியிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. கரண்டியால் தட்டைத் தட்டி, எல்லாரையும் என் பக்கம் திரும்ப வைத்து, மறுபடியும் கேட்டேன். மறுநாளே பிள்ளையை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

முதலில் பார்த்த டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். பிரயோஜனம் இல்லை. இரண்டாவதாகப் போனது காது, மூக்கு, தொண்டை டாக்டர். அவர்தான் கருவி வைத்துப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கட்டி நிற்கிறது. நரம்பில் கோளாறு இல்லை, புத்தியிலும் இல்லை. சில மாதம் பார்ப்போம், தானாக வற்றினாலும் வற்றும் என்றார். வற்றவில்லை. செவிப்பறையில் சின்னதாகக் கீறி, நீரை எடுத்துவிட்டு, அரிசியைவிடச் சின்னக் குழாயைக் காதுக்கு ஒன்றாக வைக்க வேண்டும் என்றார்.

"நீங்க இதைப் பிள்ளைங்களுக்கு அடிக்கடி செய்வீங்களா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் என்னை முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும், பிள்ளை என்னுடையது. அந்த டாக்டர் நல்ல மனுஷர், கோபப்படவில்லை. "நான் பெரியவங்களுக்குத்தாம்மா அதிகம் செய்யிறேன். சின்னப் பிள்ளைக்கு மயக்கம் குடுக்கணும். அதுக்கே பழகின ஆளுங்க திருநெல்வேலியில இருக்காங்க" என்று சொல்லி அனுப்பினார். அங்கே போய் அந்த டாக்டரம்மாவிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். "வாரா வாரம் செய்யிறேன். நல்ல கேள்வி கேட்டீங்க" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வீட்டுக்கு வந்தால் கணவர் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறார். "செவிப்பறைல ஓட்டையா? ஓட்டை விழுந்தவன் என்ன பாடு படுதான்னு எனக்குத் தெரியும். சீழ் வச்சு, தொழிலே போயி மூலைல கெடக்கான். எம்பிள்ள காதுல எவனும் ஓட்டை போடக்கூடாது." அவர் பயம் பொய்யில்லை. கூட்டாளி ஒருவரைப் படகிலிருந்து காதில் ரத்தத்தோடு தூக்கி வந்தவர் அவர்.

நான் எதிரே உட்கார்ந்தேன். "கீழ எறங்கும்போது காது அடைச்சா என்ன செய்வீங்க?"

"மூக்கப் பொத்திக்கிட்டு ஊதுவேன். காத்து உள்ள போயி காது விடும்."

"விடலன்னா?"

"வலி உயிர் போவும். மேல வந்திருவேன்."

"உங்க பிள்ளைக்கு அந்தக் காத்துப் போற வழி அடைச்சுக் கெடக்கு. அவளுக்கு மேல வர வழி தெரியல. எத்தனை மாசமாவோ அடியிலேயே இருக்கா. அந்தக் குழாய் உள்ள காத்து விடத்தான். கொஞ்ச நாள்ல அதுவே விழுந்திரும், ஓட்டையும் பெரும்பாலும் தானா மூடிரும்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க."

மனுஷர் மகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "என்னைக்குப் போகணும்?" என்றார். டாக்டர்கள் எனக்குச் சொன்னதை அவருக்குப் புரிகிற மாதிரி நானே சொல்லிவிட்டேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

அறுவைச் சிகிச்சை சீக்கிரமே முடிந்துவிட்டது. வெளியே காத்திருந்த எங்களுக்குத்தான் அது முடியவே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "பஸ்ஸு ஏம்மா இப்படிக் கத்துது?" என்றாள். நான் சிரித்தேன், அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வருஷ முடிவில் அவள் இரண்டாம் வகுப்புக்குப் போனாள், அதே பள்ளிக்கூடத்தில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் மடியில் ஏறி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் புதிதாகக் கற்றுக்கொண்ட மாதிரி, கையைக் குவித்து அவர் காதில் ரகசியம் சொன்னாள். அவர், "ஆமாம்மா, ஆமா" என்று தலையாட்டிச் சிரித்தார். அவள் இறங்கி அவர் முகத்தையே பார்த்தாள். நேராக என்னிடம் வந்தாள்.

"அம்மா, அப்பாவுக்குக் கேக்கல. கேட்ட மாதிரி சிரிக்காங்க. நானும் முன்னாடி டீச்சர்ட்ட இப்படித்தான் சிரிப்பேன்."

நான் எழுவதற்குள், அவளே திரும்பிப் போனாள். அப்பாவின் தாடையைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். சத்தமே இல்லாமல், வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக உதட்டை மட்டும் அசைத்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவளை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

ரகசியமாம் ரகசியம்! இந்த வீட்டில் வாழ்க்கைப்பட்ட எனக்கு உதட்டைப் பார்த்துப் படிக்கத் தெரியாதா? 'எனக்கு அம்மாவவிட ஒங்களத்தான் ரொம்பப் பிடிக்கும்.'

அடிப்பாவி, ஊர் ஊராக அலைந்தது நானடி! வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். என் பிள்ளைக்கு ரகசியம் பேச வந்துவிட்டதே, அது போதும் எனக்கு.