ஹமீதிக்கா டெண்டன்

போன வாரம் எங்கள் மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரியில் நர்ஸ் மாணவிகளுக்கு வாய்மொழித் தேர்வு. உடற்கூறு பாடம் நடத்தும் டாக்டர் என்பதால் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து ஒரே குழப்பம்!

காரணம் நபீசா. இடக்கொச்சிப் பெண். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், பரீட்சை இங்கிலீஷ். போன வருஷம் தோற்றுப்போனாள். உறுப்புகளுக்கெல்லாம் யார் யாரோ வெள்ளைக்கார டாக்டர்களின் பெயர் — காதுக் குழாய்க்கு உரியவரைக் கொண்டுபோய்க் கருப்பைக் குழாயில் மாட்டிவிட்டாள். இந்த முறையும் தோற்றால் பயிற்சியிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. எங்கோ இத்தாலியில் பிறந்தவர் பெயரை இடக்கொச்சிப் பெண் எதற்குச் சுமக்க வேண்டும்? இந்த வருஷம் ஆட்களின் பெயர்களையெல்லாம் தூக்கிப் போட்டேன். குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி இருக்கிறதே, அந்தத் தசைநாண்... அதற்குக் குதிகாலில் அம்பு பட்டுச் செத்த ஒரு கிரேக்கக் கதை வீரனின் பெயர் — அக்கிலிஸ் டெண்டன். நான் ‘குதிகால் டெண்டன்’ என்றே நடத்தினேன். இதைவிடச் சுலபமாக என்ன வேண்டும், சொல்லுங்கள்?

தேர்வாளர் பாலக்காட்டுக்காரர், வயதானவர், சிரிக்காதவர். தன் காலையே நீட்டி, குதிக்கு மேலே தொட்டுக் காட்டினார்.

“இது என்ன?”

“ஹமீதிக்கா டெண்டன், சாரே.”

‘இக்கா’ என்றால் எங்கள் பக்கம் அண்ணன்; எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு பெயர் கிடையாது!

“யாரும்மா அது?”

“எட்டாம் பெட், சாரே. இஞ்சிக் கிடங்குல மூட்டைச் சுமடு எடுக்கிறவரு. பெட்டித் தகரம் வெட்டி இது அறுந்துபோச்சு. கெண்டைக்கால் சதையைக் குதி எலும்போட சேர்க்கிறது இதுதான். அறுந்தா அந்தக் கால்ல குதியைத் தூக்கி நிக்க முடியாது. டாக்டர் சார் தைச்சாரு, நான்தான் டிரெஸ்ஸிங் பண்ணேன்.”

“அக்கிலிஸ் யாருன்னு தெரியுமோ?”

“எந்த வார்டு, சாரே?”

அவர் சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டார்.

பிறகு விசாரித்தால், வகுப்பு முழுக்க அப்படித்தான் சொல்கிறதாம்! அந்தப் பாடத்தன்று நான்தான் எல்லோரையும் ஹமீதிக்காவின் கட்டிலுக்கு அழைத்துப் போனேன். பெயரே வேண்டாம் என்றேன். அவர்களாகவே ஒன்றை வைத்துக்கொண்டார்கள்.

தேர்வாளரை வழியனுப்பப் படகுத்துறை வரை போனேன். “நாளைக்கு அவ கோழிக்கோட்டுக்கு வேலைக்குப் போனா, ஹமீதுன்னு சொன்னா யாருக்குப் புரியும், டாக்டரே?” என்றார்.

நியாயம்தானே? நர்ஸ் ஒன்று சொல்லி டாக்டர் ஒன்று புரிந்துகொண்டால் நோயாளி கதி என்ன? ஆனால் நான் தொண்டை கிழியச் சொன்ன ‘குதிகால் டெண்டன்’ யார் மனதில் நின்றது? அக்கிலிஸா, குதிகாலா, ஹமீதிக்காவா... திங்கட்கிழமை கரும்பலகை முன்னால் சாக்பீஸோடு நின்றேன். குதிகாலை வரைந்துவிட்டு, பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன்.

நேற்று மதிப்பெண் பட்டியல் வந்தது. நபீசா பாஸ்! கூடவே தேர்வாளரின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: ‘எட்டாம் பெட்காரர் இப்போது நடக்கிறாரா?’

அக்கிலிஸைப் பற்றி இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படி விசாரித்ததில்லை. அடுத்த வகுப்பில் எந்தப் பெயரைச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை... ‘நடக்கிறார்’ என்று மட்டும் பதில் எழுதிப் போட்டேன்.