மருதமுத்துவின் குன்றுப் பாதை

வாரத்தில் ஆறு நாள் மருதமுத்து மலாய் நாட்டின் தெங்கேராவில் ஒரு கிடங்கில் புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட் அடுக்கினார். அந்தப் புகை நாற்றம் அவர் தலைமுடிவரை ஏறியிருக்கும். ஞாயிறு காலை ஒரு மணி நேரம்தான் அவருக்கென்று இருந்தது. காஜா பேராங்கில் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த பூங்காக் குன்றில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவார். வேரும் கல்லுமான நடைபாதையில் ஓட்டிக்கொண்டு இறங்குவார். முப்பத்தெட்டு வயதில் இது தேவையா என்று கேட்காத ஆளில்லை. கள்ளுக்கடைக்குப் போகிறவர்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த ஒரு மணி நேரத்துக்கும் ஆபத்து வந்தது. 1957 தொடக்கம், ஊரே சுதந்திரத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தது. குன்றுப் பாதையில் இனிச் சைக்கிள் ஓட்டக் கூடாது, மறுப்பிருந்தால் புதன்கிழமைக் கூட்டத்தில் சொல்லலாம் என்று பூங்காக் குழு அறிவிப்பு ஒட்டியது. காரணம், கீரை பறிக்கப் போன மாக் சோம் என்ற மலாய்க்கார அம்மாவை ஒரு சைக்கிள் இடித்துத் தள்ளியிருந்தது. ஓட்டியவன் மருதமுத்துவின் கூட்டாளி சிஹாபுதீன், துணிக்கடையில் வேலை பார்ப்பவன்.

கூட்டத்தில் சிஹாபுதீன் பின்வரிசையில் ஒண்டிக்கொண்டான். மருதமுத்துதான் தெரிந்த மலாயில் பேசினார்.

"பூங்கா எல்லாருக்கும் பொதுதானே, துவான். நடக்கிறவங்களுக்கு முதல் இடம், அதை நாங்க மறுக்கலே. எங்களை அடியோட துரத்திடாதீங்க."

குழுத் தலைவர், வந்திருந்த மாக் சோமைப் பார்த்தார்.

"இவங்க 'ஓராங், ஓராங்'னு கத்திக்கிட்டு வர்றாங்க," என்றாள் அவள். "ஆளு, ஆளுன்னு கத்தினா, எந்த ஆளுன்னு நின்னு திரும்பிப் பார்க்க மாட்டேனா? பார்த்தேன். வந்து இடிச்சிட்டான்."

மருதமுத்துவுக்குச் சுரீரென்றது. வேர்களில் குதித்து இறங்கும்போது சைக்கிள் மணி தானாகவே கிணுகிணுத்துக்கொண்டிருக்கும். அதை யாரும் சட்டை செய்வதில்லை. அதனால் எல்லாரும் வாயால்தான் கத்துவார்கள். பதற்றத்தில் வாயில் வருவது தமிழ். 'ஓரம், ஓரம்' என்று இவர்கள் ஒதுங்கச் சொன்னது, மலாய்க் காதில் 'ஆள்' என்று பொருள்படும் 'ஓராங்' ஆக விழுந்திருக்கிறது. ஒதுங்க வேண்டியவர்களை நட்டநடுவில் நிறுத்தி வைத்தது இவர்கள் வாய்தான்.

"ஓராங் இல்லே, மாக். ஓரம். எங்க பாஷையில ஓரம்னா, உங்க மலாயில தெப்பி, ஒதுங்குங்கன்னு அர்த்தம். தப்பு எங்களோடதுதான்."

அறையில் சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணிக்கு நீ மட்டும் இறங்கு. ஜனங்க வழக்கம்போல நடப்பாங்க. ஒருத்தர் மேல பட்டாலும் பாதையை மூடிடுவோம்."

மூன்று நாளும் கிடங்கில் தள்ளுவண்டியோடு 'தெப்பி, தெப்பி' என்று முனகிக்கொண்டே திரிந்தார். "கலியாண மந்திரமா, அண்ணே?" என்று கிடங்குப் பக்கம் வந்த சிஹாபுதீன் கிண்டலடித்தான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு காலை குன்றின் அடியில் தலைவர் கடிகாரத்தோடு நின்றார். மேலிருந்து மருதமுத்து இறங்கினார். முதல் வளைவில் இரண்டு சீனக் கிழவர்கள். "தெப்பி!" ஒதுங்கினார்கள். அடுத்து பிள்ளையோடு ஒரு தாய். "தெப்பி!" அவளும் ஒதுங்கினாள். மூன்றாவது வளைவைத் தாண்டியதும், புதருக்குள்ளிருந்து மரவள்ளிக் கொழுந்துக் கட்டோடு மாக் சோம் பாதைக்கு நடுவே வந்துவிட்டாள். பத்தடிகூட இருக்காது.

"ஓரம்!"

பாழாய்ப்போன வாய். அவள் அப்படியே நின்று திரும்பினாள். ஓரமென்றால் என்னவென்று புதன்கிழமை கேட்டவள்தான். ஆனால் திடுக்கிட்ட காதுக்கு அது நினைவிருக்குமா? மருதமுத்து கைப்பிடியை ஒடித்துத் திருப்பிப் பள்ளத்தில் பாய்ந்தார். கல்லில் வலது முழங்கை நொறுங்கிய சத்தம் அவருக்கே கேட்டது.

தலைவர் மூச்சு வாங்க ஏறி வந்தபோது, மாக் சோம் மருதமுத்துவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மேல பட்டதா?"

"என் சாரோங் துணிமேலகூட படலே, துவான்," என்றாள் கோபமாக. "என்மேல படக் கூடாதுன்னுதான் இவன் இப்படிக் கிடக்கிறான். பாதையை மூடினா முதல்ல நான்தான் வந்து கேட்பேன்."

பாதை மூடப்படவில்லை. நடப்பவருக்கே முதல் இடம், சைக்கிளில் வருபவர் 'தெப்பி' சொல்ல வேண்டும் என்று பலகை வைத்தார்கள். சுதந்திரம் வந்த மாதத்தில் ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள் இறங்கின.

மருதமுத்துவின் சைக்கிள் அதில் இல்லை. முழங்கை மடங்கியபடியே நின்றுவிட்டது. அந்தக் கையால் பிரேக்கை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. கட்டு அவிழ்த்தபின் அவர் அந்தப் பாதையில் நடந்துதான் போனார். ஒரு ஞாயிறு பின்னாலிருந்து "தெப்பி!" என்று குரல் வந்தது. ஒதுங்கினார். சிஹாபுதீன் சரேலென்று கடந்து போய், காலை ஊன்றி நின்றான்.

"வருத்தமா இருக்காண்ணே?"

"வயிறு எரியுதுடா," என்றார் மருதமுத்து. "நிக்காதே. பின்னால ஆளுங்க வர்றாங்க, போ."