இரும்பு மூக்கு ஷூ

கை உடைந்தால் கட்டு தெரியும், நாலு பேர் விசாரிப்பார்கள். முட்டி வலித்தால் நடிக்கிறான் என்பார்கள். எனக்கு நடந்தது இதுதான்.

கும்மிடிப்பூண்டியில், பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற ஒரு ரோலிங் மில்லில் நான் காண்ட்ராக்ட் ஆள். இரும்பு உருகுகிற ஃபர்னஸ் பக்கம் வேலை. அந்த அனலில் நிற்க யாரும் வரமாட்டார்கள் என்பதால் அங்கேதான் ஓவர்டைம் கிடைக்கும். என் குடும்பம் சாப்பிடுவது அந்த ஓவர்டைமில். போன வருட மெடிக்கலில் சர்க்கரை என்று வந்துவிட்டது. கம்பெனி டாக்டர் என் தொப்பையைப் பார்த்துப் பேசினார்.

"டெய்லி ஓடுங்க. அடுத்த மெடிக்கல்ல குறையலன்னா ஃபர்னஸ்ல நிக்க விடமாட்டேன்."

எப்படி, எங்கே, எதைப் போட்டுக்கொண்டு ஓடுவது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஓடுவதில் கேட்க என்ன இருக்கிறது, தெருநாய்கூட ஓடுகிறது என்று நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் சிப்காட் ரோட்டில் இறங்கினேன். மில்லுக்குப் பழைய இரும்பு ஏற்றிப் போகும் லாரிகள் அந்த ரோடு முழுக்கத் துண்டு சிந்திக்கொண்டே போகும். சுருள் சுருளாக, பிளேடு மாதிரி. செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும். அதனால் கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூவைப் போட்டுக்கொண்டுதான் ஓடினேன். மூக்கில் இரும்புத் தகடு வைத்த ஷூ. என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். எங்கள் பக்கம் ஷூ என்றாலே அதுதான். கல்யாணத்துக்குக்கூட அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

"இன்னாயா, போலீஸ் செலக்சனுக்கா போற?" என்றாள் என் மனைவி. "நீ ஓடுற சத்தத்துல தெருவே எழுந்து உக்காந்துக்கினுகீது."

நடக்கவில்லை, நிற்கவில்லை, முதல் நாளிலிருந்தே மூச்சு முட்ட ஓடினேன். வேலை போய்விடுமே என்ற பயம். சில வாரத்தில் முட்டிச் சில்லுக்கு அடியில் ஊசி குத்துவது போல ஆரம்பித்தது. படி இறங்கினால் வலி. கக்கூஸில் உட்கார்ந்தால் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்க முடிந்தது. மெடிக்கல் ஷாப்காரர் மாத்திரை கொடுத்தார். மனைவி தைலம் தேய்த்தாள். மில்லில் என்னோடு வேலை செய்கிறவன் டீக்கடையில் பார்த்துச் சிரித்தான்.

"வயசாச்சு நைனா. ஓடுறதெல்லாம் இன்னாத்துக்கு? சும்மா கெடந்த கால பேஜாரு பண்ணிக்கினியே."

மில்லில் நொண்டாமல் நடக்கப் பழகினேன். சூப்பர்வைசர் எதிரே வந்தால் அப்படியே நின்றுவிடுவேன்.

லீவு நாளில் திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிசியோதெரபி பார்க்கிற பெண் என் ஷூவைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"இதுலயாண்ணா ஓடுனீங்க? செங்கல் மாதிரி இருக்குதே!"

"ரோட்ல இரும்பு கெடக்குதும்மா."

"அப்ப ரோட்டுக்குப் போகாதீங்க. கேன்வாஸ் ஷூ வாங்கிக்கினு மண்ணுல போங்க. கொஞ்சம் நடங்க, நடுவுல கொஞ்சம் மெதுவா ஓடுங்க. தொடைக்கு பலம் வந்தாதான் முட்டி தாங்கும். மொதல்ல காலுக்கு ரெஸ்ட்டு குடுங்க."

"நாள் பூரா நிக்கிற வேலைம்மா. ரெஸ்ட்டு யாரு குடுப்பா?"

அவள் அடுத்த சீட்டைக் கூப்பிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, வரிசை வாசல்வரை நின்றது.

சொன்னதையெல்லாம் செய்தேன். கேன்வாஸ் வாங்கினேன். ஏரிக்கரை மண்ணில் நடந்தேன், கொஞ்சம் ஓடினேன். பாயில் மல்லாந்து காலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். தொப்பை குறைந்தது. வலியும் பாதி குறைந்தது. மீதிப் பாதி, ஃபர்னஸ் முன்னால் நிற்க நிற்க, போகவே இல்லை.

இந்த வருட மெடிக்கல் வந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, "சுகர் நல்லா குறைஞ்சிருக்கே, வெரி குட்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அதே மூச்சில், "உக்காந்து எழுந்திருங்க" என்றார்.

உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கும்போது கை தானாக மேசையைப் பிடித்தது.

"முட்டி இப்படி இருந்தா எப்படிங்க? ஃபர்னஸ்ல ஏதாவது ஆச்சுன்னா ஓடணுமே."

"ஓடித்தான் சார் இப்படி ஆச்சு. நீங்கதான் ஓடச் சொன்னீங்க."

"நான் வாக்கிங்தான் சொல்லியிருப்பேன்" என்றார். என் முகத்தைப் பார்த்து அவர் சொன்ன ஒரே பொய் அது. மற்றதெல்லாம் தொப்பையைப் பார்த்துச் சொன்னது.

அன்றைக்கே யார்டுக்கு மாற்றிவிட்டார்கள். லாரியில் வருகிற பழைய இரும்பைக் குனிந்து பொறுக்கிப் பிரிக்கிற வேலை. ஓவர்டைம் கிடையாது. நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்திருப்பதுதான் வேலையே. என் முட்டிக்கு இது ஏற்ற வேலை என்று ஒரு படித்த ஆள் முடிவு செய்திருக்கிறார். சேஃப்டி ஷூ தேய்ந்துவிட்டது, வேறு கொடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"யார்டுக்கெல்லாம் புது ஷூ வராதுண்ணே. இருக்குறதையே போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.