பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு விலை

மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துச் செடெனாக்கில் குடியிருந்து செனாயில் வேலை பார்த்த ஹேமநாதனுக்கு ஒரு காதல் இருந்தது. அது அவருடைய மனைவி தேன்மொழிக்கும் தெரியும். மூன்று வருடமாகக் கைப்பேசியில் அந்த உருவத்தைப் பார்த்துப் பார்த்து அவர் பெருமூச்சு விட்டதை அவள் பக்கத்தில் படுத்தபடியே கேட்டிருக்கிறாள். வெள்ளை நிறம். ஒன்றரைக் கிலோ எடை. திடலின் அந்தக் கோடியில் நிற்பவரின் கண்ணிமையை இந்தக் கோடிக்கு இழுத்து வரும் நீள லென்ஸ்.

பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சூப்பர்வைசரான அவரிடம் நல்ல கேமரா இருந்தது. கேமராவோடு வந்த குட்டை லென்ஸும் இருந்தது. நீள லென்ஸ் வாங்காததற்குக் காரணம் பணமில்லாமை என்று யாராவது நினைத்தால் அது அவரை அவமதிப்பதாகும். பணம் சேர்ந்து வெகு நாளாகிவிட்டது. விலைதான் அவருக்குச் சரியாக அமையவில்லை.

கேமரா செய்த கம்பெனியே செய்யும் லென்ஸை அவர் 'ஒரிஜினல்' என்பார். அதே கேமராவில் மாட்டும்படி வேறொரு கம்பெனி செய்வது 'வெளிக் கம்பெனி'. ஜேபி என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் ஜோகூர் பாருவில் ஒரிஜினல் பதினோராயிரத்து அறுநூறு வெள்ளி, அதாவது ரிங்கிட். பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போனால், நம் காசுக்கு மாற்றிப் பார்த்தாலும் ஐந்நூற்றைம்பது குறைவு. வெளிக் கம்பெனியின் கதை தலைகீழ். ஜோகூர் பாருவில் நாலாயிரத்துத் தொள்ளாயிரம். சிங்கப்பூரில் ஐந்நூறுக்கு மேல் கூடுதல். பாலத்தின் இரண்டு பக்கமும் இரண்டு லென்ஸும் இப்படி நின்று மாறி மாறிக் கூப்பிட்டால், பாவம், ஒரு மனிதர் எப்படித்தான் தூங்குவார்?

இதில் வதைபட்டவள் மகள் லோஷினி. பள்ளியில் நானூறு மீட்டர் ஓட்டக்காரி. முதல் வருடம் அப்பா குட்டை லென்ஸில் எடுத்த படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இதுல நான் எங்கப்பா?"

"தோ, மூணாவது பாதையில."

"அது வேலிக் கம்பிப்பா."

இரண்டாம் வருடம் அவர் ஆண்டிறுதித் தள்ளுபடிக்குக் காத்திருந்தார். மூன்றாம் வருடம் ரிங்கிட் ஏறட்டும் என்று காத்திருந்தார். தள்ளுபடி வந்தது, போனது. ரிங்கிட்டும் ஏறியது, இறங்கியது. லோஷினி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தாள்.

இந்த வருடம் அவள் ஐந்தாம் படிவம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பொந்தியான் திடலில் இறுதி ஓட்டம். புதன்கிழமை காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"இதான்பா கடைசி. அடுத்த வருஷம் ஸ்கூலே இல்ல. மூஞ்சி தெரியற மாதிரி ஒரு படம் போதும்."

ஹேமநாதன் அப்போதே சபதம் செய்தார். வெள்ளிக்கிழமை லீவு போட்டார். மூவாயிரத்து நானூறு சிங்கப்பூர் வெள்ளியைச் சட்டையின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டி, ஒரிஜினலையே கைப்பிடிக்கப் புறப்பட்டார்.

அவருக்குள் இன்னொரு கணக்கும் ஓடியது. சிங்கப்பூர் கடைக்காரர்கள் விலையோடு சேர்த்து வாங்கும் ஜிஎஸ்டி வரியை, வெளிநாட்டுப் பயணிக்குத் திருப்பித் தருவார்கள். இருநூற்று எண்பது சிங்கப்பூர் வெள்ளி. பாலத்தில் ஏறும்போது அதை வாங்கிக்கொண்டால், உலகத்திலேயே மலிவாக அந்த லென்ஸை வாங்கிய மனிதர் அவராகத்தான் இருப்பார்.

கடையில் இருந்த விற்பனையாளர் மூர்த்தி, நரை விழுந்த மனிதர். அவரும் ஜோகூர்க்காரர்தான், குளாயிலிருந்து தினம் பாலம் தாண்டி வேலைக்கு வருபவர். பெட்டியைத் திறந்து காட்டியவர், வரி பற்றிய கேள்வியைக் கேட்டதும் மூடியைச் சாத்திவிட்டார்.

"அண்ணே, எதுல போறீங்க?"

"பஸ்லதான்."

"பஸ்ல போனா ரீஃபண்ட் கிடையாதுண்ணே. பிளேன்ல போறவங்களுக்குத்தான். நம்ம ஜோகூர்க்காரங்க எல்லாருமே இந்தக் கேள்வியக் கேட்டுட்டு, இப்ப நீங்க பாக்கற மாதிரிதான் பாப்பாங்க."

"அலமாக், போச்சுடா," என்று நாற்காலியில் உட்கார்ந்தார் ஹேமநாதன்.

மூர்த்தி குரலைத் தாழ்த்தினார். "மொதலாளி சாப்பிடப் போயிருக்காரு, அதனால சொல்றேன். மக ஓடறதப் புடிக்கத்தான்னு சொன்னீங்களே? வெளிக் கம்பெனி போதும்லா. அத இங்க வாங்காதீங்க, ஜேபியில சீப்பு. கேரண்டியும் அங்கேயே."

ஹேமநாதன் காதில் அது விழவில்லை. வரியைக் கண்ணெதிரே விட்டுவிட்டுப் போவது அவர் ரத்தத்தில் இல்லாத பழக்கம். கைப்பேசியில் எதையோ தேடினார். முகம் மலர்ந்தது. பாலத்தின் சிங்கப்பூர் முனையில் இருக்கும் உட்லண்ட்ஸில், தொழிற்சாலையில் வேலையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"தேனு, ஒரு நல்ல செய்தி. நான் இன்னைக்கு வீட்டுக்கு வரல."

"யாருக்கு நல்ல செய்திங்க, எனக்கா?"

"வெளையாடாத. காலையில சாங்கியில பிளேன் ஏறி கோலாலம்பூர் போறேன். டிக்கெட் எழுபது வெள்ளிதான். அங்கேருந்து பஸ்ஸப் புடிச்சு வந்துடறேன். வரி இருநூத்தி எண்பது கைக்கு வந்துரும்."

பாலம் தாண்டினால் வந்துவிடும் ஜோகூருக்கு, வடக்கே முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோலாலம்பூர் வழியாகச் சுற்றி வரப்போகும் கணவனிடம் தேன்மொழி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பொந்தியானுக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?"

அவர் விரல் விட்டுப் பார்த்தார். "ரெண்டு... ரெண்டரை ஆயிரும்."

"அவ ஒன்பது மணிக்கு ஓடறா."

ஹேமநாதன் நீட்டியிருந்த விரல்களை மடக்கினார். தான் எதற்காக லென்ஸ் வாங்க வந்தோம் என்பது அந்த நிமிடம்தான் ஒரு தந்தையின் நெஞ்சில் ஊசி போல இறங்கியது.

"நாலு மணிக்கு எனக்கு ஷிப்ட் முடியுது," என்றாள் அவள், சற்று இறங்கிய குரலில். "உட்லண்ட்ஸ்ல நில்லுங்க. சேந்து போலாம். வரி திரும்பாம ஒரிஜினல் வாங்க உங்களுக்கு மனசு வராது, வெளிக் கம்பெனியே வாங்கிக்கலாம். ஜேபி கடை எத்தனை மணிக்குச் சாத்துவாங்க?"

"எட்டு மணிக்கு."

வெள்ளிக்கிழமை சாயங்காலப் பாலத்தை அறியாதவர்கள் பாக்கியவான்கள். ஆறே முக்காலுக்கு அவர்கள் ஏறியிருந்த பஸ் பாலத்தின் நடுவில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. ஹேமநாதன் கடிகாரத்தையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எறங்குங்க," என்றாள் தேன்மொழி.

"தூறுதே."

"தினம் இதுல வர்றவ நான். எறங்குங்க."

அவள் முன்னே நடந்தாள். அவர் உள்பையைக் கையால் பொத்திக்கொண்டு பின்னால் ஓடினார்.

"அந்த ஒரிஜினல் மாதிரி வராது தேனு," என்று மூச்சு வாங்கினார். "வெளிக் கம்பெனி வெளிக் கம்பெனிதான்."

அவள் திரும்பாமலே சொன்னாள். "எங்கம்மா எனக்குப் பாத்த ஒரிஜினல் மாப்பிள்ள டாக்டரு. வெல கட்டுப்படியாகல. நீங்க வெளிக் கம்பெனி. இருபது வருஷம் ஓடலியா?"

ஹேமநாதன் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு குடிநுழைவு வரிசையை நோக்கி எட்டி நடந்தார்.

எட்டு அடிக்க ஐந்து நிமிடம். ஜோகூர் பாருக் கடையின் தௌகே, அதாவது சீன முதலாளி, கதவுத் தகட்டைப் பாதி இறக்கியிருந்தார். ஓடி வருவது யார் என்று தெரிந்ததும் இன்னும் வேகமாக இறக்கினார். மூன்று வருடத்தில் இந்த மனிதர் இருபது முறையாவது விலை கேட்டிருக்கிறார்.

"அதே விலைதான், மாறல," என்றார் மலாயில்.

"விலை கேக்க வரல, தௌகே. வாங்க வந்திருக்கேன்," என்றார் ஹேமநாதனும் மலாயில்.

முதலாளி தேன்மொழியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். தகடு மேலே போனது.

பக்கத்துக் கடையில் சிங்கப்பூர் வெள்ளியை மாற்றி வந்து நீட்டியபோது, 'நூறு குறையுமா' என்ற கேள்வி ஹேமநாதனின் தொண்டை வரை வந்தது. பக்கத்தில் நனைந்த தலையைத் துப்பட்டாவால் துவட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். கேள்வியை விழுங்கினார். அவர் வாழ்க்கையில் சொன்ன விலைக்கு வாங்கிய முதல் பொருள் அதுதான்.

சனிக்கிழமை ஒன்பதரைக்கெல்லாம் ஓட்டம் முடிந்துவிட்டது. லோஷினி நான்காவதாக வந்தாள், பதக்கம் இல்லை. வியர்வையோடு வேலியருகே வந்து, கேமராவின் பின்திரையில் குனிந்தாள். கடைசி வளைவில், ஒரு கால் தரையைத் தொடாத நொடி. நெற்றியில் ஒட்டிய முடி, இடுங்கிய ஒற்றைக் கண், ஒரு பக்கமாகக் கடித்த உதடு, எல்லாம் துல்லியமாக இருந்தன.

அவள் நெடுநேரம் பார்த்தாள். ஹேமநாதன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இல்லியாம்மா? ஒரிஜினலா இருந்தா இன்னும் கொஞ்சம்..."

"அம்மா, இங்க வாங்க," என்று கூப்பிட்டாள் லோஷினி. "இந்த மூஞ்சிய எங்கயோ பாத்திருக்கோம்ல?"

தேன்மொழி எட்டிப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் மட்டும் நீர் வந்துவிட்டது.

"ராத்திரி போன்ல வெல பாக்கறப்போ அப்பா வெச்சிருக்கற மூஞ்சிடி இது."

ஹேமநாதன் கேமராவை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒற்றைக் கண்ணை இடுக்கி, உதட்டை ஒரு பக்கமாகக் கடித்தபடி.