கோமதி மேடம் வேலையை விடவில்லை

"கோமதி மேடம் தவறிட்டாங்க சார். ஹார்ட் அட்டாக்" என்று பழைய மாணவி ஒருத்தி போன் செய்தபோது பஸ்ஸில் இருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கீழ்பென்னாத்தூர் பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன்.

வேங்கிக்காலில் ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தில் நாங்கள் இருவரும் நான்கு ஆண்டுகள் பாடம் எடுத்தோம். நான் வரலாறு. தத்துவம் படித்த அவர் அறவியல். "கேள்வியில பேரே வராத ஆளு ஒருத்தர் இருப்பாருங்க. மொதல்ல அவரைத் தேடுங்க" என்பார்.

ஒருமுறை, கிரிவலப் பாதையில் தள்ளுவண்டிகளை அகற்ற வேண்டிய அதிகாரி எது சரியென்று எப்படி முடிவெடுப்பார் என்று ஒரு கேள்வி. கடமை, பெரும்பாலோரின் நன்மை என்று மாணவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். மேடம் விடைத்தாளைத் திருத்தவில்லை. எல்லோரையும் அழைத்துப்போய்ப் பூ விற்கும் அம்மா ஒருவரிடம் பேச வைத்தார். "எடுக்கச் சொன்னா எடுத்துடறோம். எங்க வைக்கறதுன்னும் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. சிலர் விடையை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். மற்றவர்கள், பாடம் நடக்கவில்லை என்று இயக்குநரிடம் புகார் சொன்னார்கள்.

இயக்குநர் என் கருத்தைக் கேட்டார். என் வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள், மேடம் வகுப்பு முடிந்த பிறகும் படிக்கட்டில் நின்று வாதாடுவார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. "மாதிரி விடை கம்மியாத்தான் தர்றாங்க சார். பசங்களுக்கு மார்க்குதானே முக்கியம்" என்றேன்.

மறுவாரம் மேடத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, அறவியலையும் என்னிடமே கொடுத்தார்கள். மேடம் தன் குறிப்புகளை என் மேசையில் வைத்தார்.

"நீங்கதானே எடுக்கப் போறீங்க. பசங்களுக்குப் பாடம் நிக்கக் கூடாது."

"என் மேல கோபமா மேடம்?"

"நீங்க சொன்னது தெரியும். கோபம்தான். இல்லைன்னு உங்களுக்காகப் பொய் சொல்ல முடியாதுங்க."

மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைக்கவே இல்லை. நான் கேட்கவில்லை.

அவர் இறந்த அன்று, வீட்டு வாசலில் அவர் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா அந்த வேலைய ஏன் விட்டாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லீங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றேன்.

தம்பி, இந்த அஞ்சலியை நீங்களும் படிப்பீர்கள். உங்கள் அக்கா வேலையை விடவில்லை. என் பொறாமையால் விலக்கப்பட்டார். யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்காத அவர், என்னிடம் மட்டும் கோபத்தை மறைக்கவில்லை. அந்தக் கோபம்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. அதைத் தணித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அப்படியே வைத்திருப்பேன்.